தூக்கா, ஆயுளா, வெளியே விடாத ஆயுளா?

2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று நான் சேலத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமியைச் சீரழித்து எரித்துக் கொன்ற வழக்கு. தூக்கு என்று டிவியில் எழுத்து ஓடியதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாடா, இப்பத்தான் நிம்மதி” என்றார். அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதே ஆளை விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, தன் தரப்பைச் சொல்ல அவருக்கு முறையான வாய்ப்பும் தரப்படவில்லை என்றது. போனில் இதைச் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்போ அந்தப் புள்ளயக் கொன்னது யாரு?”

அதற்கு எந்தத் தண்டனையிலும் பதில் கிடையாது; அது விசாரணை அதிகாரியின் பாடு. சரி, குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கொடூரமான கொலை, நிரூபணமும் ஆகிவிட்டது. இந்தியாவில் இன்றைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று தூக்கு. இரண்டாவது, வழக்கமான ஆயுள். மூன்றாவது, இருபத்தைந்து, முப்பது ஆண்டு என்று ஒரு காலம் வரைக்குமோ சாகும் வரைக்குமோ தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள். தெருவில் இறங்கிப் போராடும்போது நமக்கு முதல் இரண்டுதான் நினைவில் இருக்கும். அதனால் முதலாவதைக் கேட்கிறோம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதையேதான் கேட்போமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நாம் யாருக்குத் தூக்கு கேட்கிறோம்

தமிழ்நாட்டு மக்கள் மரண தண்டனையை ஆதரிப்பவர்களா, எதிர்ப்பவர்களா என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்கவேண்டும். ராஜீவ் காந்தி வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்து உயிரைவிட்டார். 30-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அதே நாளில் தூக்கைக் குறைக்கும்படி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அன்று ஊரே தூக்குக்கு எதிராக நின்றது. ஆறே ஆண்டில் முகலிவாக்கம் வழக்கு வந்தபோது, அதே ஊரில் தூக்கு வேண்டாம் என்று சொன்னவரைத் தேடவேண்டியிருந்தது.

இதை இரட்டை வேடம் என்று சொல்ல மாட்டேன். முதல் வழக்கில் நாம் பார்த்தது பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன் பேரறிவாளனுக்காக நீதிமன்றமும் சிறையுமாக அலைந்த அற்புதம்மாளின் முகம். இரண்டாவதில் பார்த்தது ஒரு குழந்தையின் புகைப்படம். யார் முகம் நம் கண்ணில் படுகிறதோ அந்தப் பக்கம் மனசு சாய்கிறது, அது இயல்பு. ஆனால் அந்தச் சாய்வை வைத்து ஒருவர் உயிரை எடுக்கலாமா என்பது வேறு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று வரையறுத்த உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் பொதுக் கருத்தின் வாய்களாக மாறக்கூடாது என்றும் சேர்த்தே எச்சரித்தது. மூன்றே ஆண்டில், 1983-ல் மச்சி சிங் வழக்கில், சமூகத்தின் ‘கூட்டு மனசாட்சி’ என்ற சொல்லை அதே நீதிமன்றம் உள்ளே விட்டது. அன்று வந்த சொல் இன்றுவரை போகவில்லை.

தூக்கு என்று எழுதினால் என்ன நடக்கிறது

பெரியம்மா வீடு அஸ்தம்பட்டியில், சேலம் மத்திய சிறைக்குப் பக்கம். 1995 ஏப்ரல் 27 அன்று அந்தச் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டார். அன்று காலை பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மதில் சுவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து குளித்தாராம். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை.

நாடு முழுவதும் 2004-லிருந்து இதுவரை எட்டுப் பேர். கொல்கத்தாவில் தனஞ்சய் சாட்டர்ஜி, அப்புறம் கசாப், அஃப்சல் குரு, யாகூப் மேமன், 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் டெல்லி நிர்பயா வழக்கின் நால்வர். மறுபக்கம், விசாரணை நீதிமன்றங்கள் பெரும்பாலான ஆண்டுகளில் நூறு பேருக்குக் குறையாமல் தூக்கு எழுதுகின்றன. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் கணக்குப்படி 2023-ல் மட்டும் 120 தூக்குத் தீர்ப்புகள்; அந்த ஆண்டு முடிவில் தூக்குக் கைதிகள் 561 பேர். கீழ் நீதிமன்றம் கொடுக்கும் தூக்கில் கடைசிவரை நிற்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்று அதே குழு 2016-ல் சொன்னது. பாக்கியெல்லாம் ஆயுளாகக் குறைகிறது, அல்லது விடுதலை. அந்தக் கைதிகளில் முக்கால்வாசிப் பேர் வசதியில்லாதவர்கள்.

அதனால் தூக்கு என்ற தீர்ப்பைக் கேட்டுப் பட்டாசு வெடிப்பவர்களுக்குக் கையில் கிடைப்பது தூக்கு அல்ல. உயர் நீதிமன்றம் உறுதி செய்தாகவேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம், மறுஆய்வு, சீராய்வு, கருணை மனு. கருணை மனு தள்ளுபடியானாலும் பதினான்கு நாள் அவகாசம். கருணை மனுவை அரசு ஊறப்போட்டால் அதுவே தண்டனையைக் குறைக்கக் காரணம் என்று 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் தீர்ப்பானது. அடுத்த மாதமே ராஜீவ் வழக்கில் மூவரின் தூக்கு ஆயுளானதும் அந்த அடிப்படையில்தான். பதினோரு ஆண்டுகள் அந்த மனுக்கள் கிடந்தன. டெல்லி வழக்கில் ஜனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 என்று மூன்று முறை நாள் குறித்துத் தள்ளிப்போட்டு, நான்காவது முறைதான் நடந்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாயும் தகப்பனும் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். தூக்கு கேட்கும் குடும்பத்துக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, மறைக்கக்கூடாது. தூக்கு என்பதால்தான் முகலிவாக்கம் வழக்கை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். ஆயுள் கைதியின் அப்பீல் வரிசையில் நிற்கும். அந்த அளவு கண் அதன்மேல் படாது. தூக்குக்கு எதிராகப் பேசுபவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனாலும் இழுத்தடிப்பு என்று நாம் திட்டுகிற அதே ஏழு ஆண்டு இல்லாவிட்டால், 2025-ல் விடுவிக்க ஆள் இருந்திருக்கமாட்டார்.

பயம் வரும் என்ற வாதத்தை நான் ரொம்ப நேரம் பேசப்போவதில்லை. நாகர்கோவிலும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-ல் மரண தண்டனையை நிறுத்தியது. 1945 முதல் 1950 வரை அங்கே 962 கொலைகள். தண்டனை திரும்பி வந்த அடுத்த ஐந்து ஆண்டில் 967. பழைய கணக்குதான், ஆனால் நம் மண்ணில் எடுத்த கணக்கு.

இலங்கையில் இன்னொரு விதம். அங்கே நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டே இருக்கின்றன. 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை. புங்குடுதீவு மாணவி கொலைக்கு நீதி கேட்டு 2015-ல் யாழ்ப்பாணமே கொதித்தது. 2017 செப்டம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. இன்னொரு வழக்கையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டதற்காக ஒரு இராணுவச் சிப்பாய்க்கு 2015-ல் மரண தண்டனை, 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்பு கொடுத்தார், சிப்பாய் வீட்டுக்குப் போனார். தீர்ப்பு எவ்வளவு கடுமையாக எழுதப்பட்டது என்பது அங்கே கடைசியில் ஒன்றுக்கும் உதவவில்லை.

‘ஆயுள்’னா எத்தனை வருஷம்?

பெரியம்மாவிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். “தூக்குக்குப் பதிலா ஆயுள் குடுத்தா என்ன பெரியம்மா?”

“ஆயுளா? அண்ணா பொறந்தநாளுக்கு உட்டுருவாங்கடா.”

இதைவிடச் சுருக்கமாக இந்த ஊரின் பொதுக் கருத்தை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயுள் என்றால் பதினான்கு ஆண்டு என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டத்தில் அப்படி இல்லை. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே, கோபால் கோட்சே வழக்கில் சொல்லிவிட்டது. 1978-ல் வந்த திருத்தம் சொன்னது வேறு: தூக்கும் கொடுத்திருக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, பதினான்கு ஆண்டு முடியும் முன் அரசு விடக்கூடாது. அதாவது பதினான்கு என்பது விடுதலை பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் நாள். ஆனால் அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்துக்கு இந்த வரம்பு கிடையாது. அந்த வழியாகத்தான் பிறந்தநாள் விடுதலைகள் வருகின்றன. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு ஏழு ஆண்டு முடித்தவர்கள் என்று 1,405 ஆயுள் கைதிகள் வெளியே வந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் வெளியே வந்தது நல்லதே என்பது என் எண்ணம். வரப்புச் சண்டையில் அரிவாளை எடுத்தவர், குடித்துவிட்டு அண்ணனைத் தள்ளியவர், இவர்களை முப்பது ஆண்டு அடைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. நன்னடத்தை பார்த்து விடுவது சிறைக்கும் தேவை; விடுதலை என்ற ஆசை இல்லாத கைதியை வார்டர்கள் எதைச் சொல்லி வழிக்குக் கொண்டுவருவார்கள்? கோளாறு, எல்லாரையும் ஒரே அரசாணையில் அள்ளுவதில்தான் வருகிறது. 1997-ல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்ற வழக்கில் பதினேழு பேருக்கு ஆயுள். மூவர் 2008-ல் அண்ணா பெயரில் வந்தார்கள், பதின்மூன்று பேர் 2019-ல் எம்.ஜி.ஆர். பெயரில். கோவை குண்டுவெடிப்பு வழக்கில் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் எந்தத் தலைவரின் பிறந்தநாளும் வரவில்லையே என்று முஸ்லிம் அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்பதும் இதே கணக்கைப் பார்த்துத்தான்.

தருமபுரி பஸ் எரிப்பைச் சேலம், தருமபுரிக்காரர்கள் யாரும் மறக்கமுடியாது. 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு எதிரான ஒரு தீர்ப்பைக் காரணம் காட்டி, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ்ஸை இலக்கியம்பட்டியில் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகினார்கள். 2007-ல் சேலம் நீதிமன்றம் அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்கு விதித்தது; உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2010-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016 மார்ச்சில் மறுஆய்வில், கூட்ட வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று தூக்கை ஆயுளாகக் குறைத்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் குறைத்தது வெறும் ஆயுளாக. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காகப் பத்து ஆண்டு முடித்தவர்களை விடும் அரசாணையில், மூவரும் வேலூர் சிறை வாசல் வழியாக நடந்து வெளியே வந்தார்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தெருவுக்கு இரண்டரை ஆண்டு! இடையில் ஒரு படிகூட இல்லை. பெரியம்மா தூக்கு கேட்பது இப்படிப்பட்ட விடுதலைகளைப் பார்த்துத்தான். கீழே ஒரு மாடி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் மொட்டை மாடியிலேயே நின்றிருக்கமாட்டார்.

(இடையில் ஒன்று. ‘இரட்டை ஆயுள்’, ‘மூன்று ஆயுள்’ என்று செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தால் ஏமாறவேண்டாம். ஒருவருக்கு ஒரு உயிர்தான், ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கமுடியாது என்று 2016-ல் நம் ஊரிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஓர் ஆயுளில் விடுதலை ஆனாலும் அடுத்த ஆயுள் தனியாக நிற்கும், அவ்வளவுதான்.)

நடுவில் இருக்கும் மாடி

அந்த மாடி 2008-ல் கட்டப்பட்டது. பெங்களூரில் மனைவியை மயக்கி உயிரோடு புதைத்த சுவாமி ஷ்ரத்தானந்தா என்பவரின் வழக்கு. தூக்கு அதிகம், பதினான்கு ஆண்டில் போகவிடுவது ரொம்பக் குறைவு என்று திணறிய உச்ச நீதிமன்றம், வாழ்நாள் முழுக்க வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஆயுளை எழுதியது. இது செல்லுமா என்ற கேள்வியை 2015 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்தது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லும் என்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கு ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் ஏழு பேரை விடுவிக்கத் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவிலிருந்து கிளம்பியது. விடுதலைக்காகப் போன வழக்கில்தான் விடாத ஆயுளுக்கு முத்திரை விழுந்தது.

நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்பதற்கு, சாதி மாறி மணந்ததற்காகக் கொல்லப்பட்ட உடுமலை சங்கரின் வழக்கு. 2016 மார்ச்சில் பஸ் நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டினார்கள். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் சங்கரின் மனைவி கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தூக்கைக் குறைத்தது. ஆனால் தருமபுரி மாதிரி வெறும் ஆயுளாக விடவில்லை: தண்டனைக் குறைப்பு இல்லாமல் குறைந்தது இருபத்தைந்து ஆண்டு என்று எழுதியது. தந்தையை விட்டது குறித்து எனக்குக் கசப்பு உண்டு. ஐவருக்கு எழுதிய தண்டனையில் குறை சொல்லமாட்டேன்.

பாலியல் வன்கொடுமைச் சட்டத்திலேயே ‘இயற்கை மரணம் வரை’ என்ற ஆயுள் இருக்கிறது. 2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் கோவை மகளிர் நீதிமன்றம் அதைத்தான் கொடுத்தது. அடுத்த மாதமே அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் சென்னை மகளிர் நீதிமன்றம் தண்டனைக் குறைப்பின்றி முப்பது ஆண்டு என்றது. குற்றம் நடந்து ஆறே மாதத்தில் வந்த தீர்ப்பு. இப்படி ஆண்டுக் கணக்கு போட்டுக் குறைப்பை அடைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும்தான் என்று 2015 தீர்ப்பில் இருப்பதால், கீழ் நீதிமன்றம் எழுதும் அந்த வரி மேலே போய் நிற்குமா என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. நீதிமன்றம் அடைப்பது சாதாரணச் சட்டத்தின் கீழ் அரசு தரும் குறைப்பை மட்டும். ஆளுநரின் 161, ஜனாதிபதியின் 72, இரண்டும் திறந்தே இருக்கின்றன. முழுக்க அடைக்கவும் கூடாது. நாளைக்குப் புதிய சாட்சியம் கிடைத்தால், கைதி படுத்த படுக்கையானால், ஒரு கதவு வேண்டும். யாரைத் திறந்து விடுகிறோம், ஏன் என்று அரசு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், பாதிக்கப்பட்டவரைக் கேட்கவேண்டும், அதைத்தான் நாம் கேட்கவேண்டும். குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, குடும்பத்தினரையும் பறிகொடுத்த பில்கிஸ் பானுவின் வழக்கில் 2022 ஆகஸ்ட் 15 அன்று பதினோரு பேரைக் குஜராத் அரசு விட்டது, வெளியே மாலையும் போட்டார்கள். பில்கிஸ் விடாமல் வழக்கு போட்டார், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பதினோரு பேரையும் திரும்ப உள்ளே அனுப்பியது. செத்தவர் குடும்பத்துக்கு அந்தத் தெம்பும் வக்கீல் வசதியும் எல்லா இடத்திலும் இருக்காது.

என்னைக் கேட்டால், மோசமான கொலைகளுக்கு இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு குறைப்பில்லாத ஆயுள். அதற்குப் பிறகு ஒருமுறை பரிசீலனை. ‘சாகும் வரை’ என்பதை எனக்கு முழுதாக ஏற்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவன் எழுபது வயதில் யாராக இருப்பான் என்று இன்றைய நீதிபதிக்குத் தெரியாது. எழுபது வயதுக் கிழவனுக்கு மருந்து மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் இடமாகச் சிறை மாறுவதிலும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தூக்கு வேண்டாம் என்பதற்கு எனக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. முகலிவாக்கம் ஒன்று போதும். பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் தவிர மற்றதற்கெல்லாம் தூக்கை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் 2015-ல் பரிந்துரைத்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் தூக்கு அப்படியே இருக்கிறது.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் பெரியம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முப்பது ஆண்டு, நடுவில் பிறந்தநாள் விடுதலை கிடையாது என்றேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

“நெசமா உடமாட்டாங்கன்னா சரிதாண்டா, தூக்கு எதுக்கு” என்றார். அப்புறம், “2055-ல நான் எங்க இருக்கப்போறேன்? நீ எழுதி வெச்சுக்க. உட்டாங்களான்னு பாரு.”

டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.